தங்கத்தில் தள்ளுபடி எங்கிருந்து வரும்?

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் தங்கமும் வெள்ளியும் வாங்குவது குறித்து இம்முறை ஐந்து கடிதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். சென்னையின் பெரிய நகைக்கடை ஒன்றின் பெயரில் முகநூலில் விளம்பரம் வந்தது. ஆண்டு நிறைவை ஒட்டி 22 காரட் ஆரங்களுக்கு 35 சதவீதம் தள்ளுபடி என்றும், இரண்டு நாள் மட்டுமே என்றும் இருக்கிறது. இணையதளத்தில் பூட்டு அடையாளம் உள்ளது. வாங்கியவர்களின் பாராட்டுகளும் நிறைய இருக்கின்றன. நம்பி முன்பணம் கட்டலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. அந்தத் தளத்தைப் பார்க்காமலேயே இதைச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கும் விலையே போதுமான சாட்சி.

புடவைக்கடைக்காரர் தேங்கிய சரக்கைப் பாதி விலைக்குக் கொடுப்பதில் நியாயம் உண்டு. அந்தக் கரையும் நிறமும் அடுத்த ஆண்டு யாருக்கும் பிடிக்காமல் போகலாம். தங்கம் அப்படித் தேங்கிப் போவதில்லை. விற்காத ஆரத்தை உருக்கினாலும் அதிலுள்ள தங்கத்துக்கு அன்றைய விலை ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். உலகச் சந்தை விலை, ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி ஆகியவற்றை ஒட்டி ஒவ்வொரு நாளும் கிராமுக்கு இன்ன விலை என்று அறிவிக்கப்படுகிறது. நகரின் எல்லாக் கடைகளும் ஏறத்தாழ அதே விலையில்தான் விற்கின்றன. கடைக்காரர் தம் விருப்பப்படி குறைக்கக்கூடியவை செய்கூலியும் சேதாரமும் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரத்தில் உள்ள தங்கத்தின் மதிப்பு 100 ரூபாய் என்றும், செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 15 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 115, இதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி. கடைக்காரர் பெரிய மனது வைத்துச் செய்கூலி, சேதாரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் தள்ளுபடி 13 சதவீதத்தைத்தான் எட்டும். 35 சதவீதம் தள்ளுபடி என்றால் 115 ரூபாய்ப் பொருள் 75 ரூபாய்க்கும் சற்றுக் குறைவாக உங்களிடம் வருகிறது. தெருமுனைக் கடையில் கொடுத்தால் அன்றைக்கே 100 ரூபாயை ஒட்டிக் கிடைக்கக்கூடிய தங்கத்தை, முகம் தெரியாத ஒருவருக்கு 75 ரூபாய்க்குக் கொடுக்க யாருக்கு என்ன தேவை இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விற்பவரிடம் நேர்மையான பதில் இருக்க முடியாது. சுங்கத் துறை பறிமுதல் செய்த தங்கம், வங்கியில் மூழ்கிப்போன நகை, வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் வந்த பிஸ்கட் என்று அவர்கள் சொல்லும் கதைகளெல்லாம் இந்த ஒரு கேள்வியை மறைப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

பூட்டு அடையாளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் வேறொருவர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சான்று தருவதில்லை. மோசடிக்காரரும் அந்தச் சான்றிதழைக் கட்டணமின்றி, சில நிமிடங்களில் பெற்றுவிடலாம். பாராட்டுரைகளை அந்தத் தளத்தை உருவாக்கியவரே எழுதிக்கொள்ளலாம். படங்களை உண்மையான கடையின் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம்.

ஆகவே தளத்தின் அழகை விட்டுவிட்டு, அதன் பின்னால் ஓர் ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் எந்த நிறுவனமும் தன் சட்டப்பூர்வமான பெயர், அலுவலக முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்டியாக வேண்டும். வெறும் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதினைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. பதிவு எப்போது ஆனது, யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் அங்கே தெரியும். ஆனால் உண்மையான கடையின் எண்ணையே திருடிப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி ஒன்று உண்டு. அந்தக் கடையில் நீங்களோ உறவினரோ முன்பு வாங்கிய ரசீது வீட்டில் இருக்கும். அதில் அச்சிட்டுள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, இப்படி ஒரு விற்பனை நடக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். தேடுபொறியில் முதலில் வரும் எண்ணையும் நம்ப வேண்டாம், அங்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தளத்தின் முகவரியில் கடையின் பெயரோடு ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்றும் நிதானமாகப் பாருங்கள். முகநூல் பக்கமானால், அது எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதை அந்தப் பக்கத்தின் விவரப் பகுதியிலேயே காணலாம். ஐம்பது ஆண்டுக் கடையின் பக்கம் மூன்று வாரங்களுக்கு முன்பு தொடங்கியதாக இருந்தால் வேறு எதையும் ஆராயத் தேவையில்லை.

பணம் கட்டும் இடத்தில் கடையின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு தனிநபரின் பெயர் யு.பி.ஐ. திரையில் தோன்றினால், ரகசிய எண்ணைப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள். கலியாணத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் இது. ஒரு நாள் செலவழித்து மகளோடு கடைக்கு நேரில் போய், எடை போட்டு, அணிந்து பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளர் வளையலின் படத்தோடு ஹால்மார்க் நகைக்குரிய அடையாள எண்ணான ஆறெழுத்து எச்.யூ.ஐ.டி. எண்ணையும் போட்டிருக்கிறார். பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன். எண் உண்மையானது என்று வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இவ்வளவு தூரம் சரிபார்த்ததற்குப் பாராட்டுகள். ஆனால் இங்கேதான் நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. எண் உண்மையானது என்பதற்கும், அந்த எண்ணுக்குரிய நகை அவரிடம் இருக்கிறது என்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான தங்க நகைகளை இந்த ஆறெழுத்து எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முக்கோண முத்திரை, 22 காரட்டுக்கு 916 போன்ற தூய்மைக் குறியீடு, இந்த எண் என மூன்றும் நகையின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு நகைக்கு ஓர் எண். அதே எண் இன்னொரு நகைக்கு வராது. ஆகவே எவரோ ஒருவரின் நகையில் உள்ள எண்ணைப் படமெடுத்து, இல்லாத வளையலுக்குப் போட்டுவிட்டால் செயலி அதை உண்மை என்றே காட்டும். செயலியின் மீது தவறில்லை.

செயலி காட்டும் மற்ற விவரங்களையும் படியுங்கள். நகையின் வகை என்ன என்று அதில் இருக்கும். விற்பவர் வளையலைக் காட்ட, செயலி மோதிரம் என்று சொன்னால் கதை முடிந்தது. முத்திரையிட்ட தேதி, முத்திரையிட்ட மையம், பதிவு செய்த நகை வணிகரின் பெயர் ஆகியவையும் வரும். அந்த வணிகரின் பெயர் மொத்த விற்பனையாளருடையதாக இருக்கலாம் என்பதால், பெயர் வேறுபட்ட காரணத்துக்காக மட்டும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் விளக்கம் கேளுங்கள். அவருடைய மற்றப் பதிவுகளிலும் அதே எண் வருகிறதா என்று தேடுங்கள். நகை கைக்கு வந்தபின் பூதக்கண்ணாடி வைத்து எண்ணை நகையிலேயே படித்து மறுபடியும் சரிபார்ப்பதுதான் முழுமையான சோதனை.

ஐயம் தீரவில்லையென்றால், அமைவனம் அங்கீகரித்த பரிசோதனை மையத்தில் கட்டணம் செலுத்தி நீங்களே தூய்மையைச் சோதித்துக்கொள்ளலாம். ஹால்மார்க் உள்ள நகையில் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த பங்கின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு இழப்பீடாகக் கிடைக்க 2018-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முறையான ரசீதும், ரசீதில் உள்ள முகவரியில் ஒரு கடையும் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. சிறு மூக்குத்தி, தோடு என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த விலக்கை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். ‘ஒன் கிராம் கோல்டு’ என்பது முலாம் பூசிய நகைக்கு வணிகத்தில் வழங்கும் பெயர். ஒரு கிராம் எடையுள்ள தங்கம் என்று அதற்குப் பொருளில்லை. ‘ஜெர்மன் சில்வர்’ செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதில் வெள்ளி துளியும் கிடையாது. இந்தப் பெயர்களில் விற்பது குற்றமில்லை. அவற்றைத் தங்கம், வெள்ளி விலைக்கு விற்பதுதான் குற்றம்.

கேள்வி: பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையில் வெள்ளி நாணயம் வாங்கினால் ஆபத்தில்லைதானே?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ஆபத்து குறைகிறது, ஆனால் நீங்கவில்லை. பெரும்பாலும் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க விடுவார்கள். கொண்டுவருபவர் கூரியர் ஊழியர் மட்டுமே, உள்ளே இருப்பது வெள்ளியா ஈயமா என்பதற்கு அவர் பொறுப்பேற்க முடியாது. பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தரும் வசதி இல்லையென்றால் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால், மேலுறையின் முகவரி தெரியும்படி தொடங்கி, நாணயத்தைத் தராசில் வைப்பது வரை இடையில் நிறுத்தாமல் காணொளி எடுங்கள்.

கேள்வி: பத்து ரூபாய்க்கும் டிஜிட்டல் தங்கம் வாங்கலாம் என்கிறார்கள். இதுவும் மோசடியா?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்வது நியாயமாகாது. உண்மையாகவே பெட்டகத்தில் தங்கத்தை வைத்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் இந்த வணிகம் தன் கண்காணிப்புக்கு உட்பட்டதில்லை என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. நிறுவனம் நொடித்துப்போனால் செபியிடம் முறையிட முடியாது. சிறுகச் சிறுகச் சேர்ப்பது உங்கள் நோக்கமென்றால், அதே செபியின் கண்காணிப்பில் உள்ள தங்க இ.டி.எஃப். திட்டங்களை, அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதித் திட்டங்களை, முதலில் பாருங்கள்.

டெலிகிராம் குழுவில் அனுப்பப்படும் இணைப்பு வழியாகச் செயலியை நிறுவச் சொல்லி, தங்க வர்த்தகத்தில் தினமும் இரண்டு சதவீதம் லாபம் என்று யாராவது சொன்னால், அது மோசடியேதான். முதலில் போடும் ஆயிரம் ரூபாய்க்கு லாபத்தோடு பணம் திரும்பக் கிடைக்கும். அது அடுத்து வரவிருக்கும் லட்சத்துக்குப் போடும் தூண்டில் இரை.

கேள்வி: வெள்ளிக் கட்டி ஒன்றுக்கு இணையக் கடையில் 18,000 ரூபாய் யு.பி.ஐ. மூலம் கட்டினேன். இரண்டு நாள் கழித்து, காப்பீட்டுக்காக இன்னும் 2,400 ரூபாய் கட்டினால்தான் பொருளை அனுப்ப முடியும் என்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இவருக்குக் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கே தருகிறோம்.

அந்த 2,400 ரூபாயைக் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்து வரி என்பார்கள், அதற்கடுத்து திரும்பப் பெறும் வைப்புத்தொகை என்பார்கள். அவர்களோடு சண்டையும் போட வேண்டாம். உரையாடலையும் தளத்தின் பக்கங்களையும் அவர்கள் அழிப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் திரைப்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. இணைய நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன வங்கிக் கணக்கு, தேதி, நேரம், யு.பி.ஐ. பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால், அது எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க வங்கிகளுக்குத் தகவல் போகும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அதனால்தான் இரண்டு நாள் கழிந்ததை எண்ணி வருந்தினோம், ஆனாலும் முயலாமல் இருக்கக் கூடாது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணுடன் உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போகலாம். கடன் அட்டையில் கட்டியவர்கள், பொருள் வரவில்லை என்று அட்டை வழங்கிய வங்கியில் மறுப்புக் கோரிக்கை கொடுக்கலாம், யு.பி.ஐ.யில் தாமே அனுப்பிய பணத்தை மீட்பது அதைவிடக் கடினம்.

மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தந்துவிடும் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அவர்கள் மனத்தில் வைத்துச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணத்தைப் பற்றியது. ஏமாற்றப்பட்டு நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. பொய் நம்பிக்கை தர விரும்பாததால் இதை எழுதுகிறோம்.

சில வாரங்களில் வேறொருவர் அழைத்து, உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் போதும் என்பார். வழக்கறிஞர் என்றோ சைபர் அதிகாரி என்றோ சொல்லிக்கொள்வார். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறி விற்கப்படுகின்றன என்பதால் இது எதிர்பார்க்க வேண்டிய அழைப்பு. 1930-இல் புகார் செய்வதற்கும், நிறுத்திவைக்கப்பட்ட பணத்தை உரிய நடைமுறைப்படி பெறுவதற்கும் எந்த அதிகாரியும் தம் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மோசடி நடத்துபவர்கள் பெரிதும் நம்பியிருப்பது உங்கள் கூச்சத்தைத்தான். குற்றம் செய்தவர் நீங்கள் இல்லை. இன்றே மனைவியிடம் சொல்லுங்கள். மோசடிக்காரர்கள் அடுத்தமுறை அழைக்கும்போது, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் அந்த 2,400 ரூபாயை அனுப்ப உங்கள் கை போகாது.