இன்னும் எழும்பாத கோபுரத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: கோவை அவினாசி சாலையில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என ஓர் உயரக் கட்டடம் வரப்போகிறதாம். அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. ஓய்வுப் பணத்தில் 18வது மாடியில் வீடு வாங்கலாமா? பிளானில் எதைப் பார்ப்பது? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: வண்ணப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் படத்தைக் கேட்டு வாங்குங்கள், ஐயா. கட்டடத்தின் குணம் அதில்தான் தெரியும்.

கார் நிறுத்தத்துக்கும் கடைக்கும் தூண்கள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். வீடுகளுக்கோ அறைச்சுவரை ஒட்டி நெருக்கமாக வேண்டும். மேலிருந்து வரும் தூண் நேராக இறங்க வழியில்லாத இடத்தில், கனத்த உத்தரம் போட்டுப் பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்கு மாற்றுவார்கள். அதை டிரான்ஸ்ஃபர் தளம் என்போம். தப்பில்லை, ஆனால் கணக்கில் கை சறுக்கக் கூடாத இடம். அதோடு கடைத்தளம் உயரமாக, சுவரில்லாமல் திறந்திருந்தால், நில அதிர்வில் முதல் அடி அங்கேதான் விழும். நம்ம ஊருக்கு நிலநடுக்கமா என்று நினைக்காதீர்கள். 1900 பிப்ரவரியில் கோவையை உலுக்கியது சுமார் 6 ரிக்டர். அந்த ஆட்டத்தைத் தாங்க வேண்டிய, லிஃப்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவர் அஸ்திவாரம் வரை வெட்டுப்படாமல் இறங்குகிறதா என்று கட்டுமான நிறுவனத்தின் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடமே கேளுங்கள். மழுப்பினால் நானாக இருந்தால் விலகிவிடுவேன்.

அடுத்தது உயரம். பீளமேடு விமான நிலையம் பக்கத்தில் என்பதால் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதில் இருக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. விமான நிலையமே சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. சான்றில் 450 என்று இருந்து, மனையும் அதே மட்டத்தில் இருந்தால், கட்ட முடிவது 50 மீட்டர்தான். உங்கள் 18வது மாடி அதற்குள் வராது.

வீடுகளுக்குத் தனி வாசல், தனி லிஃப்ட் கட்டாயம் இருக்கட்டும். மேற்குப் பார்த்த பால்கனி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்கு அந்த உயரத்தில் கதவைத் திறக்கவே யோசிப்பீர்கள்.

சரி, பணம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. பின்னால் கட்டடத்தின் பிளானை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ரெரா பதிவு எண் வருவதற்கு முன் "சும்மா டோக்கன்தான்" என்று கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.