பங்குனியில் வரும் பள்ளிக்கூடக் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்குகிறது, வெயிலும் ஏறிவிட்டது, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். எட்டு வரை அங்கேயே படிக்கட்டும், ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரியாக வருமா? – ஒரு தாய், காட்பாடி

பதில்: எந்தப் பள்ளியில் அவன் நன்றாகப் படிப்பான் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எப்படியும் அரசுப் பள்ளிக்குத்தான் வரப்போகிறான் என்றால் ஒன்பதாவது வரை காத்திருப்பது நஷ்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது, அதற்கும் இதே கணக்குதான். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாவதிலிருந்துதான் எண்ணுகின்றன. உங்கள் கணவர் சொல்கிறபடி செய்தால் மூன்று வருடம் குறையும், ஒன்றுமே கிடைக்காது.

இன்னொன்று. வேலூரில் பழைய, நல்ல பெயருள்ள அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அதையும் அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கே தமிழ் வழியில் படித்தால் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. விண்ணப்பம் வாங்கும்போதே 'இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா' என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.

கேள்வி: மகள் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் இலவச) இடத்தில் எல்.கே.ஜி.யிலிருந்து படிக்கிறாள். இப்போது எட்டாவது. ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள், எங்களால் முடியாது. இத்தனை வருடம் தனியாரில் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைகள் போய்விடுமா? – சத்துவாச்சாரி வாசகர்

பதில்: போகாது. இலவசம் எட்டாவதோடு முடிகிறது, அதனால் அவர்கள் கட்டணம் கேட்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் எட்டு வரை ஆர்.டி.இ.யில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களையும் 7.5 சதவீதத்துக்கும் புதுமைப் பெண்ணுக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். டி.சி. வாங்கும் அன்றைக்கே, ஆர்.டி.இ.யில் படித்தாள் என்று பள்ளியின் முத்திரையோடு ஒரு சான்றும் கேட்டு வாங்கி, நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பன்னிரண்டாவது முடித்த பிறகு, தலைமை ஆசிரியரும் எழுத்தரும் மாறிவிட்ட பள்ளியில் போய் அதைக் கேட்டு நிற்பது பெரிய அலைச்சல்.

கேள்வி: ஏழாவது படிக்கும் என் பையன், 'எப்படியும் ஆல் பாஸ்தானே' என்று புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். அரசுப் பள்ளிதான். என்ன சொல்லிப் படிக்க வைப்பது? – அணைக்கட்டு வாசகி

பதில்: அவன் சொல்வது சரிதான், நம் மாநிலத்தில் எட்டாவது வரை யாரையும் நிறுத்துவதில்லை. ஆனால் எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு உதவித்தொகைத் தேர்வு வரும், அதை எழுதுவதற்கே ஏழாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. இந்தத் தொகையை அவனிடமே சொல்லிப் பாருங்கள், அறிவுரையை விட ரூபாய் கணக்கு அந்த வயதில் சீக்கிரம் காதில் ஏறும்.

கேள்வி: கட்டணப் பாக்கி இருக்கிறது என்று தனியார் பள்ளியில் டி.சி. தர மறுக்கிறார்கள். பெண்ணை ஏழாவதில் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். – பேரணாம்பட்டு வாசகர்

பதில்: டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, டி.சி.யை உடனே தர வேண்டியது தலைமை ஆசிரியரின் கடமை என்றும் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதாரோடு அரசுப் பள்ளிக்குப் போங்கள். எமிஸில் (மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவில்) இருந்து பழைய பள்ளி அவள் பெயரை விடுவிக்காமல் இழுத்தடித்தால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி பாக்கிதான், அது ஒழியாது. ஆனால் அது உங்களுக்கும் பள்ளிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், பிள்ளையை அதில் பிணை வைக்க முடியாது.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அடுத்த வாரம் பரீட்சை. தனியாக உட்கார வைத்து எழுத வைக்கலாமா? – குடியாத்தம் வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும் வரை, பொதுவாக ஒரு வாரம் போல, மற்றவர்களுக்குத் தொற்றும். பரீட்சை எழுதாததால் அவளை ஆறாவதிலேயே நிறுத்திவிடப் போவதில்லை, வகுப்பு ஆசிரியருக்குப் போனில் தகவல் சொன்னால் போதும். வேப்பிலை கட்டுங்கள், இளநீர் கொடுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதோடு டாக்டரையும் பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது, அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அது ஈரலையும் மூளையையும் பாதிக்கலாம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: ஆறாவது போனால் பள்ளியில் காலைச் சிற்றுண்டி கிடைக்காதாமே? – கே.வி.குப்பம் வாசகி

பதில்: ஆமாம், அந்தத் திட்டம் ஐந்தாவது வரைதான். மதியச் சாப்பாடு பத்தாவது வரை உண்டு. ஜூனிலிருந்து காலையில் வீட்டிலேயே ஏதாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள், பழைய சோறும் மோரும் என்றாலும் சரி.

கேள்வி: லீவில் பிள்ளைகளை ஒரு நாள் எங்கே கூட்டிப் போகலாம்? செலவு கம்மியாக இருக்க வேண்டும். – வேலூர் வாசகர்

பதில்: காவலூர். வாணியம்பாடி போய் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வைணு பாப்பு வானாய்வு மையம். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரையே வைத்தார்கள், வழியில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில்தான் விடுகிறார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு போங்கள். மழைக்காலத்தில் மேகம் மறைத்துவிடும், அதனால் இந்த மாதங்கள்தான் தோது. மலையில் இரவு குளிரும், சின்னவர்களுக்கு ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.