வண்டியில் இரண்டாவது பேட்டரி: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: 2022இல் வாங்கிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஃபிரிட்ஜுக்காக இரண்டாவது பேட்டரியும், இரண்டையும் இணைக்கும் ரிலேயும் பொருத்தினேன். நாள் முழுதும் ஓட்டினாலும் அந்த பேட்டரி நிறைவதில்லை. பேட்டரி பழுது என்று கடைக்காரர் இன்னொன்றை விற்றார். அதுவும் அப்படியே இருக்கிறது. (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: பேட்டரியில் பழுது இருந்திருக்காது என்றே கருதுகிறேன். இரண்டாம் முறை பணம் வாங்கும் முன் கடைக்காரர் மல்டிமீட்டரை (வோல்ட்டேஜ் அளக்கும் கருவி) எடுத்து ஒருமுறை அளந்திருக்க வேண்டும். அளக்காமல் விற்றது பெருங்குற்றம். பழைய வண்டிகளில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டியே கொடுத்துக்கொண்டிருக்கும், ஏறத்தாழ 13.3 வோல்ட்டில் இணைத்து 12.8இல் துண்டிக்கும் உங்கள் ரிலே அவற்றுக்கு ஏற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு வெளியான வண்டிகள் பலவற்றிலோ, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, முதல் பேட்டரி நிறைந்ததும் வண்டியின் கணினியே ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் குறைத்துவிடுகிறது. உடனே ரிலே துண்டித்துவிடும். இரண்டாவது பேட்டரி பட்டினி கிடக்கும்.

அரை மணி நேரம் ஓட்டியபின், என்ஜினை நிறுத்தாமல், முதல் பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ரிலேயைக் கழற்றிவிட்டு, இக்னிஷன் இணைப்பு உள்ள (சாவி போட்டிருக்கும்போது மட்டும் இயங்கும்) டிசி-டிசி சார்ஜரைப் பொருத்துங்கள். வருகிற வோல்ட்டேஜ் குறைவாக இருந்தாலும் அது தேவையான அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும். அளந்த எண்களையும் இரண்டு பில்களையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தருமாறு கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து கழற்றிய பழைய டியூபுலர் பேட்டரியைப் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாமா? (தேனி வாசகர்)

பதில்: கூடாது. கரடுமுரடான பாதையில் அமிலம் சிந்தும். சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜன் மூடிய வண்டிக்குள்ளேயே தங்கும்.

கேள்வி: 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு 100 ஆம்பியர் அவர் பேட்டரி எத்தனை நாள் வரும்? (உதகை வாசகர்)

பதில்: அத்தகைய ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறத்தாழ 4 ஆம்பியர் இழுக்கும். வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று கொண்டால் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், அதாவது 48 ஆம்பியர் அவர். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும் என்பதால் ஒரு நாள்தான் கணக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். ஒன்றரை நாளுக்குச் சற்று மேல் வரும். ஆனால் அதை என்ஜின் அறையின் வெப்பத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: "100 ஆம்பியர் ஒயர்" என்று சொல்லி விற்றதை வாங்கி, பேட்டரியில் இருந்து வண்டியின் பின்பக்கம் வரை இழுத்தேன். பேட்டரி பாதி இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார்கள். (கூடலூர் வாசகர்)

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. ஒயரின் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். இதே சரக்கை நானும் ஜம்பர் கேபிள் என்று விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். மேலே தடித்த ரப்பர் உறை, உள்ளே மெல்லிய அலுமினிய இழைகள், செல்ஃப் எடுக்க வேண்டிய நேரத்தில் அது உதவவே இல்லை.

ஒயரை ஆம்பியர் சொல்லி விற்பதை யாரும் ஏற்கக் கூடாது. ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பும் (சதுர மில்லிமீட்டரில்) நீளமும் தெரியாமல் ஆம்பியர் என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. 5 மீட்டர் தொலைவென்றால், போக வர 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும், அலுமினியத்தில் 0.9 வோல்ட். பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்கையில் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 11.3தான் என்பதால், பேட்டரி தீர்ந்துவிட்டதென்று எண்ணி அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அந்த இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறையும்.

அடுத்தது ஃப்யூஸ். அது ஃபிரிட்ஜின் அருகில் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் அது காக்க வேண்டியது ஒயரை. இரண்டு பேட்டரிகளுக்கு இடையே போகும் ஒயருக்கு இரு முனையிலும் மின்சாரம் உண்டு. ஆகவே இரு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால், நடுவில் உறை தேய்ந்து பாடியைத் தொடும் நாளில், மற்ற பேட்டரி அந்த ஒயரை எரித்துவிடும். சில நூறு ரூபாய் ஃப்யூஸைச் சொல்லாமல் பல ஆயிரம் ரூபாய் பேட்டரியை மட்டும் விற்று அனுப்பும் கடைகள் வண்டியில் பயணிப்பவர்களின் உயிரோடு விளையாடுகின்றன.

கடைச் சுவரில் எழுதிய வாசகம் சட்டமாகாது. பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், குறிப்பு இல்லையெனில் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒயரின் ஒரு துண்டை வெட்டி பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: 2000 வாட் இன்வெர்ட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கிவிட்டேன். பில் வாங்கவில்லை. என்ன பேட்டரி போடலாம்? (சேலம் வாசகர்)

பதில்: முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்பதை எத்தனை முறை எழுதியும் நிறுத்தமாட்டேன் என்கிறீர்கள். 1500 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் இழப்பையும் சேர்த்து 140 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சாதாரண இரண்டாவது பேட்டரி அதைத் தாங்காது. சமைக்க கேஸ் அடுப்பைக் கொண்டு போங்கள். பில் தராமல் விற்பதும் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற நடைமுறைதான். ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே.

கேள்வி: இரண்டாவது பேட்டரி பொருத்தினால் வண்டியின் வாரன்டி போய்விடுமா? (மதுரை வாசகர்)

பதில்: வாரன்டிப் புத்தகத்தில், வெளியில் பொருத்திய மின்சாதனங்கள் குறித்த பகுதியைப் படியுங்கள். பொருத்தும் முன்பே சர்வீஸ் சென்டருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு ஆணையத்தில் வாதிடுவது கடினம்.