பதில்: பேய் வந்ததும் நண்பர்கள் கதையை விட்டுப் போய்விடுகிறார்கள்

வணக்கம். கோடை விடுமுறை, நாலு நண்பர்கள், பாழடைந்த கிணறு, உள்ளிருந்து கூப்பிடும் குரல்: இதுதான் நீங்கள் எழுதும் கதை. அது பாதிக்கு மேல் வெறும் பேய்க்கதையாகிவிடுகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட இரண்டு அத்தியாயங்களையும் சுருக்கத்தையும் படித்தேன். பேயில் குறையில்லை. அதற்கு இந்த நாலு பேர்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை. வேறு யார் எட்டிப் பார்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஆனால் முதல் அத்தியாயத்திலேயே சரக்கு இருக்கிறது. விடுமுறை முடிந்ததும் நால்வரில் ஒருத்தியான அந்தப் பெண் வேறு ஊருக்குப் போகிறாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. குரல் அவளுக்கு மட்டும் கேட்கட்டும். ‘நீ போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அது சொல்ல, அவள் ஒரு நொடி தலையாட்டிவிடட்டும். அப்புறம் மற்ற மூவருக்கு நேர்வதெல்லாம் அந்தத் தலையாட்டலின் விளைவு. அவளால் அதைச் சொல்லவும் முடியாது, மறைக்கவும் முடியாது. பயம் அங்கேதான் ஊறும்.

தாத்தா வந்து சாபத்தின் வரலாற்றை முழுசாகச் சொல்லும் இடத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதிதான் தெரியும், அதுவும் தப்புத்தப்பாக. பிள்ளைகள் சொல்வதைத் தாத்தா நம்பாமல் சிரிப்பதைவிட, நம்பியும் பேச்சை மாற்றினால் இன்னும் கலங்கடிக்கும்.

சைக்கிளில் கடைசியாக வருபவன் திரும்பிப் பார்க்கும் காட்சி அருமை, அதில் கை வைக்காதீர்கள். திருத்தியதும் இங்கேயே போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.