கோள்களைப் படமெடுக்கும்போது உருவம் ஏன் குலைகிறது? கேள்வி பதில்

சார், ஆறு அங்குல நியூட்டோனியன் (ஆடி வைத்த) தொலைநோக்கி வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தால் வியாழனின் பட்டைகள் தெரிகின்றன. கேமராவில் வெறும் வெள்ளை வட்டம்தான் வருகிறது.

கேமராவை ஆட்டோவில் விட்டிருப்பீர்கள். சுற்றியுள்ள கறுப்பு வானத்தைப் பார்த்து அது எக்ஸ்போஷரைக் கூட்டிவிடுகிறது. மேனுவலுக்கு மாற்றி, பட்டைகள் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். நிலவுகள் மங்கிப் போனாலும் பரவாயில்லை. அவற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

எதற்கு வீடியோ? நல்ல போட்டோ ஒன்று போதாதா?

போதாது. தலைக்கு மேலே உள்ள காற்று ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. ஒரு நொடிக்குள்ளேயே வியாழன் தெளிந்து, கலங்கி, மறுபடி தெளியும். அந்தத் தெளிந்த கணங்களைப் பொறுக்கி எடுக்கத்தான் வீடியோ. ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களைத் தரவாரியாக அடுக்கி, நல்லவற்றை மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்க ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம்தான் ஆகும். அது 45 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) அகலத்தில் தெரியும் நாளில், வட்டின் நடுவில் உள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்குச் சுமார் 0.24 ஆர்க்செகண்ட் நகரும். உங்கள் ஆறு அங்குல, அதாவது 150 மி.மீ. ஆடியால் பிரித்துக் காட்ட முடிவது ஏறத்தாழ 0.77 ஆர்க்செகண்ட். அப்படியானால் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சுழற்சியே படத்தை மங்கடித்துவிடும். செவ்வாய் மெதுவாகச் சுற்றுவது, அளவிலும் சிறியது. அதற்கு இன்னும் தாராளமாக எடுக்கலாம்.

அண்ணா, கோளின் ஒரு விளிம்பு நீலமாகவும் எதிர் விளிம்பு சிவப்பாகவும் வருகிறது. லென்ஸில் கோளாறா?

லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். கோள் தாழ்வாக இருக்கும்போது காற்றே முப்பட்டகம் போல நிறங்களைப் பிரிக்கிறது. வானில் உள்ளபடி பார்த்தால் நீலம் மேல்பக்கமும் சிவப்பு அடிவானப் பக்கமும் போகும். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கினால் இதுவும் மாறித் தெரியும். கோள் உயரே வரும்வரை காத்திருப்பதே முதல் மருந்து. மென்பொருளில் மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தலாம். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் நடந்த இழுப்பு அப்படியேதான் இருக்கும். அதையும் சரிசெய்ய, கேமராவுக்கு முன் பொருத்தும் ஏடிசி என்ற கருவி வேண்டும்; காற்று பிரித்த நிறங்களை அதன் முப்பட்டகங்கள் மறுபடி சேர்க்கும்.

விளிம்பு முழுக்க ஊதா ஒளிவட்டம் தெரிந்தால் கதை வேறு. அது சாதாரண அக்ரோமேட் (ஆடிக்குப் பதில் இரட்டை லென்ஸ் வைத்த) தொலைநோக்கியின் குணம்.

படம் ஒரு பக்கமாக இழுத்த மாதிரி இருக்கிறது. மென்பொருளில் நேராக்கலாமா?

இதை மென்பொருளிடம் கொண்டுபோகாதீர்கள். பதிவாகாத விவரத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. கோளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவாருங்கள். அதிக உருப்பெருக்கத்தில் ஃபோகஸைச் சற்றே கலையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும்.

வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆடிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஆடிகளை நேராக்கும் கோலிமேஷன் திருகைக் கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். நடுவில் வைக்காமல் பார்த்தால் நியூட்டோனியனில் கோமா, அதாவது வால் முளைத்தது போன்ற இழுப்புதான் தெரியும், அதை வைத்துத் திருகினால் இருப்பதும் கெடும். வளையம் முக்கோணமானால் ஆடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கலாம், கொஞ்சம் தளர்த்துங்கள். ஃபோகஸின் இரு பக்கமும் நீள்வட்டமாகி, பக்கம் மாறும்போது அதன் திசையும் குறுக்காகத் திரும்பினால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது எல்லாத் திசையிலும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை. புகை போல ஏதோ ஒரு பக்கம் எழும்பினால் குழாய்க்குள் இன்னும் சூடு இருக்கிறது, வெளியே வைத்து ஆறவிடுங்கள். வளையம் மொத்தமும் கொதிக்கிறதா? அது மேலே உள்ள காற்று. அன்றைக்கு எந்தத் திருகும் உதவாது.

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் படமெடுக்க உட்காராதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வீணாகும் படங்களில் பெரும்பாலானவை வீடியோ ஓடத் தொடங்கும் முன்பே வீணாகிவிடுகின்றன.

உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் எத்தனை மடங்கு போடலாம்?

கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்குங்கள். வருவதுதான் உங்களுக்கு வேண்டிய எஃப் எண் (குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது). 2.9 மைக்ரான் என்றால் எஃப்/14.5. உங்கள் தொலைநோக்கி எஃப்/5 ஆனால் மூன்று மடங்கு பார்லோ சரியாக வரும்.

போன் கேமராவில் கோள் ஜெல்லி மாதிரி நெளிகிறது.

போன் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது. கை அசைந்தாலும் காற்று அசைந்தாலும் மேல்வரி ஓரிடம், கீழ்வரி ஓரிடம் என்றாகிவிடும். ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸோடு) போனைப் பிடிக்கும் ஹோல்டர் வாங்குங்கள், ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள், ஃபோகஸை லாக் செய்யுங்கள். கோள் ஐபீஸின் நடுவிலேயே இருக்கட்டும்.

ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட் ஸ்லைடரை இழுத்ததும் செவ்வாயின் விளிம்பில் ஒரு வளையம் வந்துவிட்டது. அப்புறம், உள்ளே தெரியும் கோடுகள் உண்மையா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அந்த வளையம் உண்மையல்ல. பிரகாசமான வட்டு திடீரெனக் கறுப்பில் முடியும் இடத்தில், ஒளியின் விளிம்பு விளைவைக் கூர்மையாக்கம் பெரிதாக்கிக் காட்டுகிறது. கூர்மையாக்கும் அளவைக் குறையுங்கள்.

உள்ளே உள்ள கோடுகளுக்கு ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. அரை மணி, ஒரு மணி இடைவெளி விட்டு இன்னொரு வீடியோ எடுங்கள். இரண்டையும் தனித்தனியாக, ஒரே அளவில் பதப்படுத்துங்கள். செவ்வாய் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 14.6 டிகிரி சுழன்றிருக்கும். உண்மையான அடையாளம் என்றால் அதற்கேற்ப நகர்ந்திருக்க வேண்டும். நகராமல் விளிம்போடு ஒட்டி நின்றால் அது மென்பொருள் வரைந்த கோடு.