அமெரிக்கத் தேர்தலில் வாக்குகளை எண்ணி முடிக்கும் முன்பே டிவி சேனல்கள் எப்படி வெற்றியாளரை அறிவிக்கின்றன? 2020-ல் அரிசோனாவை வைத்து ஏன் அவ்வளவு சண்டை?

தேர்தல் இரவில் சேனல்கள் சொல்வது கணிப்புதான். சட்டப்படி அதற்குக் காலணா மதிப்பு கிடையாது. ஆனாலும் எல்லாரும் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அன்றிரவு வேறு யாரும் முடிவு சொல்வதில்லை. வாஷிங்டனில் ஃபெடரல் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. அது பார்ப்பது பிரசாரப் பணத்தின் வரவு செலவை மட்டும். தேர்தலை நடத்துவது மாநிலங்கள். எண்ணுவது மாவட்டம் போன்ற 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் அதற்கும் கீழே உள்ள ஊர் அலுவலகங்கள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் எண்களை வெளியிடும். அதிகாரபூர்வச் சான்று வர வாரக்கணக்கில் ஆகும்.

இந்த இடைவெளியில் 1848 முதல் கூட்டல் வேலை பார்ப்பது அசோசியேட்டட் பிரஸ், சுருக்கமாக ஏபி. 4,000-க்கும் மேற்பட்ட தற்காலிக ஆட்கள் கவுண்டிகளிலிருந்து எண்களைப் போனில் சொல்ல, அது கூட்டிக்கொண்டே போகும். வாக்காளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பில் 2020-ல் இரண்டு முகாம்கள் இருந்தன. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என் ஆகிய நான்கு சேனல்களும் எடிசன் ரிசர்ச் எடுத்த எக்ஸிட் போலைப் பங்குபோட்டுக்கொண்டன. ஏபியும் ஃபாக்ஸ் சேனலும் 2016 தேர்தலுக்குப் பிறகு அதிலிருந்து விலகி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு அமைப்போடு சேர்ந்து வேறொரு கணிப்பை 2018 முதல் பயன்படுத்திவந்தன. அரிசோனா சண்டையின் விதை இங்கேதான் இருக்கிறது.

அறிவிக்கும் முறை இப்படி: முதல் விதி, ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு முடியும்வரை வாய் திறப்பதில்லை. 1980-ல் கலிஃபோர்னியாவில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ரீகன் ஜெயித்துவிட்டார் என்று என்பிசி சொல்லிவிட்டது. எதிர்த்துப் போட்டியிட்ட கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தக் கசப்புக்குப் பிறகு சேனல்கள் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த வாக்குறுதி இது. பதிவு முடிந்ததும், ஒரே கட்சியின் கோட்டையாக உள்ள மாநிலங்களை ஒரு வாக்குகூட எண்ணாமலே அறிவித்துவிடுவார்கள். இழுபறி மாநிலங்களுக்குத்தான் கணக்கு தேவை.

அந்தக் கணக்கில் யார் முன்னிலை என்பதைவிட, பின்னால் இருப்பவரால் இனி எட்டிப்பிடிக்க முடியுமா என்பதே கேள்வி. உதாரணத்துக்கு, ஒருவர் 1,00,000 வாக்கு முன்னிலையில் இருக்கிறார், மீதி 2,50,000 வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் ஜெயிக்க மீதியில் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கியாக வேண்டும். மீதி முழுக்க அவருக்கு 60 சதவீதம் தரும் ஊர்களிலிருந்து வந்தால் 50,000 மட்டும்தான் ஈடாகும், தாராளமாக அறிவிக்கலாம். அதே மீதி 75 சதவீதம் தரும் தபால் வாக்குகளாக இருந்தால் 1,25,000 ஈடாகி ஆட்டம் மாறிவிடும். ஆக, எத்தனை மிச்சம், எந்த ஊர், எந்த வகை வாக்கு என்ற மூன்றும் தெரியாமல் முன்னிலை எண்ணை மட்டும் பார்ப்பது வீண். திரையில் காட்டும் ‘95 சதவீதம் எண்ணியாச்சு’ என்பதும் மதிப்பீடுதான். மொத்தம் எத்தனை வாக்கு வந்தது என்பதே அன்றிரவு யாருக்கும் துல்லியமாகத் தெரியாது.

அரிசோனாவில் வாக்குகள் மூன்று அலையாக வரும். முன்கூட்டியே வந்த தபால் வாக்குகளை முதலில் எண்ணிவைத்திருப்பார்கள். உள்ளூர் நேரம் இரவு 8 மணிக்கு அவை கொட்டும். அடுத்து, தேர்தல் நாளில் நேரில் போட்டவை. மூன்றாவது, தபால் உறையைத் தேர்தல் நாளன்று கையில் எடுத்துவந்து பெட்டியில் போட்டவை. இவற்றில் ஒவ்வொரு கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டும் என்பதால் நாட்கணக்கில் இழுக்கும். 2020-ல் முதல் அலை ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு, இரண்டாவது குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு. மூன்றாவதும் தபால் வாக்குதானே, பைடனுக்குக் கைகொடுக்கும் என்ற எதிர்பார்ப்பில், நார்க் கணிப்பைக் கையில் வைத்திருந்த ஃபாக்ஸ் கிழக்கு நேரம் இரவு 11.20-க்கே பைடன் வெற்றி என்றது. அதிகாலை 2.51-க்கு ஏபியும் சொன்னது. ஆனால் மூன்றாவது அலை டிரம்ப் பக்கம் சாய்ந்தது. முன்னிலை நாளுக்கு நாள் தேய்ந்தது. மற்ற சேனல்கள் நவம்பர் 12 வரை பொறுத்திருந்தன. கடைசியில் சுமார் 34 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 10,457. ஃபாக்ஸ் சொன்னது பலித்தது. ஆனால் 11.20 மணிக்கு அதைச் சொல்ல ஆதாரம் போதுமா என்றால், போதாது என்பேன். 0.3 சதவீதத்தில் முடிந்த மாநிலத்தை முதல் நாள் இரவிலேயே அறிவித்தது திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்த வேலை.

சண்டை ஏன் ஃபாக்ஸின் வீட்டுக்குள்ளேயே வெடித்தது? ஒரே லோகோவுக்குக் கீழே இரண்டு தொழில் நடக்கிறது. டெசிஷன் டெஸ்க் என்ற கணக்குக் குழு ஒரு மூலையில். குடியரசுக் கட்சி ஆதரவாளர்களுக்காகப் பேசும் இரவு நேர நிகழ்ச்சியாளர்கள் இன்னொரு பக்கம். 2012-லேயே இது பட்டவர்த்தனமானது. ஒஹையோ ஒபாமாவுக்கு என்று குழு அறிவிக்க, குடியரசுக் கட்சியின் வியூகக்காரர் கார்ல் ரோவ் நேரலையில் அதை மறுத்தார். தொகுப்பாளர் மெகின் கெல்லி எழுந்து, கேமரா பின்தொடர, தாழ்வாரம் வழியாக நடந்துபோய் அந்தக் குழுவிடமே கேட்டார். அவர்கள் அசையவில்லை. அப்போது அது வேடிக்கையாக முடிந்தது. 2020-ல் பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டு போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸ் பக்கம் போகத் தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் அந்தக் குழுவிலிருந்த கிறிஸ் ஸ்டயர்வால்ட் வேலையிழந்தார். நிறுவனம் சொன்ன காரணம் சீரமைப்பு. வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பேச்சை ஒளிபரப்பியதற்காக, அவற்றைத் தயாரித்த டொமினியன் நிறுவனம் போட்ட அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பேச்சைத் தாங்களே நம்பவில்லை என்று சேனல்காரர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகள் வழக்கு ஆவணங்களில் வெளிவந்தன.

உண்மையான பிழைகளும் நடக்கும். 2000-ல் ஃபுளோரிடாவின் வொலூஷியா கவுண்டியில் ஒரு வாக்குச்சாவடி அல் கோருக்குக் கழித்தல் 16,022 வாக்கு என்று காட்டியது. மெமரி கார்டு கோளாறு. புஷ் ஜெயித்ததாகச் சேனல்கள் அன்று அதிகாலை அவசரப்பட்டதில் அந்த எண்ணுக்கும் பங்குண்டு. கடைசி வித்தியாசம் வெறும் 537. 2020-ல் மிச்சிகனின் ஆன்ட்ரிம் கவுண்டியில், வாக்குச்சீட்டில் கடைசி நேரத்தில் செய்த மாற்றத்தை எல்லா இயந்திரங்களிலும் ஏற்றாததால், குடியரசுக் கட்சிக் கோட்டையில் பைடன் முன்னிலை என்று காட்டியது. விரைவிலேயே திருத்தினார்கள், பிறகு காகிதச் சீட்டுகளைக் கையால் எண்ணியபோதும் திருத்திய எண் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ஆனால் மோசடிக் கதைக்கு அந்த ஓரிரவே போதுமானதாக இருந்தது.

இதைவிடப் பெரிய குழப்பம் பிழையே இல்லாமல் வருவது. பென்சில்வேனியச் சட்டப்படி தபால் உறையைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. வெளி உறையில் வாக்காளர் உறுதிமொழியைப் பார்க்க வேண்டும். கிழித்து உள் உறையை எடுக்க வேண்டும். உள் உறை இல்லாத சீட்டு செல்லாது, அதை ‘நிர்வாணச் சீட்டு’ என்பார்கள். யாருடையது என்று தெரியாதபடி கலந்து, மறுபடி கிழித்து, மடிப்பை நீவி, ஸ்கேனரில் விட வேண்டும். 2020-ல் இப்படி சுமார் 26 லட்சம் சீட்டுகள். தபாலில் போடாதீர்கள் என்று டிரம்ப் சொல்லிவந்ததால் அவற்றில் பெரும்பகுதி பைடனுடையவை. அதனால் டிரம்புக்கு 7 லட்சத்தை ஒட்டி இருந்த முன்னிலை கரைந்து, நவம்பர் 7 சனிக்கிழமை காலை 11.25 வாக்கில் பைடன் வெற்றி என்று அறிவிப்பு வந்தது. உறைகளை முன்கூட்டியே பிரிக்க அனுமதிக்கும் ஃபுளோரிடாவில் அதே தேர்தல் இரவோடு இரவாக முடிந்தது.

முன்கூட்டியே பிரிக்க விடுங்கள் என்று பென்சில்வேனியாவில் இரு கட்சி கவுண்டி அதிகாரிகளும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குடியரசுக் கட்சி அதோடு வாக்காளர் அடையாள அட்டை நிபந்தனையைச் சேர்த்துக் கட்டும். ஜனநாயகக் கட்சி ஒப்பாது. 2021-ல் அப்படி வந்த மசோதாவை அப்போதைய ஆளுநர் டாம் உல்ஃப் வீட்டோ செய்தார். 2024-ல் முன்கூட்டிப் பிரிக்க மட்டும் அனுமதி தரும் மசோதா கீழவையில் நிறைவேறி, செனட்டில் தூங்கிவிட்டது. அந்த நவம்பரிலும் அங்கே முதல் உறையைக் காலை 7 மணிக்குத்தான் கிழித்தார்கள்.