வாசல் விளக்கை அணைக்க வேண்டாம்

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். அக்டோபர் 31, ஹாலோவீன் மாலையில் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போக வேண்டும் என்று ஏழு வயது மகன் அழுகிறான். அது பிசாசின் பண்டிகை என்கிறார்கள் ஜெபக்குழுவில். போன வருஷம் வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருந்தோம். கிறிஸ்தவர்கள் இதில் கலந்துகொள்ளலாமா?

பதில்: சகோதரி, ஹாலோவீன் என்ற பெயரே சபையிலிருந்து வந்ததுதான். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கு முந்தின மாலை என்பதே அந்தச் சொல்லின் பொருள். அயர்லாந்தில் அதே நாட்களில் குளிர்காலத் தொடக்கத்தைக் கொண்டாடும் பழைய கெல்டியப் பண்டிகை ஒன்று இருந்ததும், டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கிய அந்நாட்டு வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கு வந்து பூசணிக்காய்க்கு மாறியதும் உண்மையே. ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தையில் விற்கும் இறைச்சியை, விக்கிரகத்துக்குப் படைத்ததா என்று துருவி விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அதே அதிகாரத்தில், பேய்களின் பந்தியில் மட்டும் உட்காராதீர்கள் என்கிறார். கோடு அங்கேதான் இருக்கிறது. ஆவிகளிடம் கேள்வி கேட்கும் ஓயிஜா பலகையும் குறி பார்ப்பதும் விளையாட்டாகக்கூட வேண்டாம். உபாகமம் 18 அதைத் தெளிவாகவே தடுக்கிறது. தீயணைப்பு வீரன் உடையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கதவைத் தட்டும் சிறுவனை அந்தத் தடைக்குள் அடைப்பது வேதத்துக்கு நியாயம் செய்வதாகாது. உங்கள் மனச்சாட்சி அதற்கும் இடம் தராவிட்டால் அனுப்ப வேண்டாம்; அனுப்புகிறவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கவும் வேண்டாம், ரோமர் 14 இரு தரப்பாருக்கும் எழுதப்பட்டது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. புல்வெளியில் நட்ட பிளாஸ்டிக் கல்லறைகளையும் தொங்கும் எலும்புக்கூடுகளையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, மரணம் பயமுறுத்தும் வேடிக்கையாக மட்டுமே தெரியும். நம் ஊரில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசிய கல்லறைமேல் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் வைத்து, உயிர்த்தெழுதலை நம்பி ஜெபிக்கிறோமே, அதை அவனுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? தாத்தா பாட்டியின் கல்லறைப் படம் இருந்தால் அந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

விளக்கை அணைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விளக்கு எரிகிற வீட்டுக்கே பிள்ளைகள் வருவார்கள் என்பது அந்த ஊர் வழக்கம். ஆண்டு முழுவதும் முகம் தெரியாத அயலார் தாங்களாகவே உங்கள் வாசலுக்கு வரும் ஒரே மாலை அது. இந்த வருஷம் விளக்கைப் போட்டு, நல்ல சாக்லேட்டாக வாங்கி வைத்து, வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேளுங்கள்.